பழைய டிவி கேமுக்கு மாற்றுக் கொன்ட்ரோலர்: செருகி பொருந்தினால் போதுமா?

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டிக் கடைத்தொகுதிகளிலோ பழைய கேம் கொன்சோல் ஒன்றுக்குக் கொன்ட்ரோலர் கேட்டுப் போனால், “எத்தனை பின்?” என்பதுதான், அதாவது செருகியில் எத்தனை உலோக முனைகள் என்பதுதான், பெரும்பாலும் முதற் கேள்வியாக இருக்கும். ஒன்பது என்று சொன்னவுடன், “அப்ப இது போகும் தம்பி, எல்லாத்துக்கும் போகும்” என்று பொலித்தீன் உறையில் இட்ட ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். வாங்குபவரும் செருகி உள்ளே போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவார். பொத்தான்கள் ஒன்றும் வேலை செய்யவில்லை என்பதோ, வேலை செய்தாலும் பாத்திரம் நினைத்த திசைக்குப் போகவில்லை என்பதோ வீட்டுக்கு வந்த பின்னர்தான் தெரியவரும். அப்போது பழி கொன்சோலின் மீது விழுகிறது. நல்ல நிலையிலுள்ள கொன்சோல்கள் பழுதென்று சொல்லப்பட்டு அலுமாரிக்கு மேலே ஏறுவது இப்படித்தான்.

ஒரு கொன்ட்ரோலர் ஒரு கொன்சோலுக்குப் பொருந்துகிறது என்று சொல்லும்போது நாம் மூன்று வெவ்வேறு விடயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். செருகி சொக்கட்டினுள் போவது ஒன்று. கொன்சோல் கேட்கும் முறையிலேயே கொன்ட்ரோலர் பதில் சொல்வது இன்னொன்று. விரலின் அசைவை, முன்னைய கொன்ட்ரோலர் அளந்த அதே அளவில் அளப்பது மூன்றாவது. முதலாவதைக் கடையிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். மற்ற இரண்டும் பெட்டிக்குள்ளே நடப்பவை. மாற்றுக் கொன்ட்ரோலரின் தரத்தைத் தீர்மானிப்பவை அந்த இரண்டும்தான் என்பதால், அவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே செருகி, வெவ்வேறு இணைப்பு

ஒன்பது பின் கொண்ட செருகியைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 1977 இல் வெளிவந்த அட்டாரி 2600 என்னும் கொன்சோல். மலிவாகவும் எங்கும் கிடைக்கக்கூடியதாகவும் இருந்ததால் பின்வந்த பல நிறுவனங்களும் அதே செருகியை எடுத்துக்கொண்டன. 1988 இல் வெளிவந்த சேகாவின் மெகா டிரைவிலும் அதுவே இருக்கிறது. நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் நிலைத்துவிட்ட மலிவான கொன்சோல்கள், நின்டெண்டோ 1983 இல் யப்பானில் வெளியிட்ட பேமிகொமின் நகல்கள். அவற்றில் பெரும்பாலானவற்றிலும் அதே ஒன்பது பின் சொக்கட்தான். போதாததற்கு, அந்த நகல்களின் கொன்ட்ரோலர்கள் பல, மெகா டிரைவ் கொன்ட்ரோலரின் உருவத்திலேயே வார்க்கப்பட்டன. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

ஆனால் உள்ளே ஓடும் வயர்கள் வேறு வேறு. அட்டாரியில் மேல், கீழ், இடம், வலம், சுடுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் உண்டு. ஐந்து வோல்ட் மின்சாரம் வருவது ஏழாம் பின்னில். மெகா டிரைவில் அந்த ஐந்து வோல்ட் ஐந்தாம் பின்னுக்குப் போய்விடுகிறது. ஏழாம் பின், கொன்சோல் தன் கேள்வியை அனுப்பும் வயராகிவிடுகிறது. பேமிகொம் நகல்களிலோ தகவலுக்கென்று மூன்று வயர்கள் போதும், ஆனால் அவை எந்தெந்தப் பின்னில் இருக்கவேண்டும் என்பதற்கு எல்லா உற்பத்தியாளரும் பின்பற்றிய ஒரே நியமம் கிடையாது. இரண்டு டிவி கேம்கள் தமக்குள்ளேயே ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

ஆகவே “போட்டுப் பார்ப்போம், வேலை செய்தால் வைத்துக்கொள்வோம்” என்ற வழமையான சோதனை ஆபத்தில்லாத சோதனை அன்று. மின்சாரம் வரும் பின் தவறான இடத்தில் தொட்டால் கொன்சோலின் உட்சுற்று பாதிக்கப்படலாம், அது நடந்துவிட்டால் மாற்றுவதற்குப் புதிய கொன்சோல் கிடைக்கும் காலம் இதுவன்று.

இணையத்தில் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நின்டெண்டோவின் பழைய என்.ஈ.எஸ். (பேமிகொமின் வெளிநாட்டு வடிவம்) கொன்ட்ரோலரின் உருவத்தில் இன்று மூன்று வகையான பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, பழைய கொன்சோலின் ஏழு பின் செருகி கொண்டது. மற்றொன்று, 2016 இல் வெளிவந்த சிறிய மறுபதிப்புக் கொன்சோலுக்கானது. அதன் செருகி, நின்டெண்டோவின் வீ என்ற கொன்சோலுக்குரிய ரிமோட்டின் அடியில் இணைக்கும் வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, கொம்பியூட்டருக்கான யூ.எஸ்.பி. கொன்ட்ரோலர். மூன்றுக்கும் விளம்பரத் தலைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். படத்தில் கொன்ட்ரோலரின் முகத்தைப் பார்ப்பதை விட வயரின் நுனியைப் பார்ப்பது பயன்தரும். நுனி படத்தில் இல்லாவிட்டால் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: செருகியின் வடிவம் கொன்ட்ரோலர் எந்தக் கொன்சோலுக்குப் போகாது என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். எதற்குப் போகும் என்பதைக் கொன்சோலின் பெயரையும் மாதிரியையும் வைத்தே முடிவு செய்யவேண்டும்.

கொன்சோல் கேட்கிறது, கொன்ட்ரோலர் பதில் சொல்கிறது

பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி தானாகவே கொன்சோலுக்கு ஓடிப்போகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலான பழைய கொன்சோல்களில் நடப்பது வேறு. கொன்சோல் குறிப்பிட்ட இடைவெளியில் கேட்கும்போது மட்டுமே கொன்ட்ரோலர் பதில் சொல்கிறது. பாடசாலையில் ஆசிரியர் இடாப்புக் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வரிசைப்படி கூப்பிடுகிறார். பிள்ளை தன் பெயரைச் சொல்வதில்லை, இருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறது. எத்தனையாவது முறை அந்தக் குரல் வந்தது என்பதை வைத்தே யார் வந்திருக்கிறார் என்று இடாப்பில் குறிக்கப்படுகிறது. வரிசை ஒன்று தள்ளிப்போனால் வந்த பிள்ளைக்கு வரவில்லை என்றும் வராத பிள்ளைக்கு வந்ததென்றும் பதிவாகிவிடும்.

என்.ஈ.எஸ். கொன்ட்ரோலரில் எட்டுப் பொத்தான்கள் உள்ளன. ஆனால் அதற்குள் செல்லும் வயர்கள் ஐந்துதான். இரண்டு மின்சாரத்துக்கு, மூன்று தகவலுக்கு. இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், உள்ளே 4021 என்ற எண்ணுடைய ஒரு சிப் இருக்கிறது. ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து வரும் நிலைகளை வாங்கி, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் வெளியே தள்ளும் இத்தகைய சிப்புக்கு ஷிப்ட் ரெஜிஸ்டர் என்று பெயர். கொன்சோல் முதலில் ஒரு வயரில் சைகை அனுப்புகிறது. அக்கணத்தில் எந்தெந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது என்பதைச் சிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு இரண்டாவது வயரில் கொன்சோல் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும், மூன்றாவது வயரில் ஒவ்வொரு பொத்தானின் நிலை வெளியே வருகிறது. ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்பதுதான் மாறாத வரிசை. பேமிகொம் நகல்களான நம் டிவி கேம்களும் இந்த முறையையே பின்பற்றுகின்றன.

1990 இல் வந்த சூப்பர் நின்டெண்டோ இதே முறையை நீட்டித்துக்கொண்டது. அங்கே பன்னிரண்டு பொத்தான்கள், தட்டுகள் பதினாறு.

மெகா டிரைவ் வேறு வழியில் சென்றது. அதில் தகவலுக்கு ஆறு வயர்கள் உள்ளன, ஆனால் மூன்று பொத்தான் கொன்ட்ரோலரில் திசைகளும் ஸ்டார்ட்டும் சேர எட்டு நிலைகளைச் சொல்லியாகவேண்டும். கொன்சோல் ஏழாம் பின்னில் உள்ள வயரின் நிலையை மாற்றினால் அதே ஆறு வயர்களில் வேறொரு தொகுதிப் பொத்தான்களின் நிலை தெரியும்படி அமைத்து இதைத் தீர்த்தார்கள். பின்னர் வந்த ஆறு பொத்தான் கொன்ட்ரோலர், அந்த ஏழாம் வயர் விரைவாகப் பல தடவை மாற்றப்படும்போது மேலதிகப் பொத்தான்களை வெளிப்படுத்துகிறது. பழைய கேம்கள் சில இந்தப் புதிய கொன்ட்ரோலரைக் கண்டு குழம்புவதுண்டு. மோட் என்ற சிறிய பொத்தானை அழுத்தியபடி கொன்சோலை இயக்கினால் அது மூன்று பொத்தான் கொன்ட்ரோலராக நடந்துகொள்ளும். இதை அறியாமல் நல்ல கொன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடக்கூடாது.

1994 இல் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷனில் உரையாடல் இருவழியாகிறது. கொன்ட்ரோலர் முதலில் தான் எந்த வகை என்பதை அறிவிக்கிறது. அதன் பின்னர் பொத்தான்களின் நிலையையும், பெருவிரலால் சாய்க்கும் சிறு தண்டான அனலொக் ஸ்டிக்கின் நிலையையும் தெரிவிக்கிறது. கொன்சோலோ மறுபுறத்தில் அதிர்வு மோட்டாரை இயக்கச் சொல்கிறது. ஒரு நகல் கொன்ட்ரோலர் தன்னைத் தவறான வகையாக அறிவித்தால், செருகியும் பொத்தான்களும் சரியாக இருந்தாலும் சில கேம்கள் அதை ஏற்க மறுக்கும். ஒரு கேமில் வேலை செய்யும் கொன்ட்ரோலர் இன்னொரு கேமில் செத்துக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அனலொக் என்று எழுதிய பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்தால் சில வேளைகளில் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனெனில் அந்தப் பொத்தான் மாற்றுவது இந்த அறிவிப்பைத்தான்.

நகல் கொன்ட்ரோலரைத் திறந்தால் சுற்றுப்பலகையின் நடுவில் கறுப்புப் பிசினால் மூடப்பட்ட ஒரு திட்டைக் காண்பீர்கள். அதனடியில்தான் சிப் இருக்கிறது. அதைக் கண்டவுடனேயே மட்டமான பொருள் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு என்பது என் அபிப்பிராயம். இடாப்புக்குப் பதில் சொல்வது எளிய வேலை. மலிவான சிப்பும் அதைப் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறது. மலிவுக் கொன்ட்ரோலர்கள் தோற்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலும் இறப்பரிலும்தான்.

சுருக்கமாக, கொன்சோல் கேட்கும் வரிசையிலும் முறையிலும் பதில் வந்தால் பொத்தான்கள் வேலை செய்யும். நல்ல கொன்ட்ரோலராக இருப்பதற்கு அது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

விரலுக்கும் சுற்றுப்பலகைக்கும் இடையே

ஒரு சாதாரண பொத்தானின் கீழே குவிந்த இறப்பர் ஒன்று இருக்கிறது. அந்தக் குவிமாடத்தின் உட்கூரையில் கரி கலந்த கறுப்புத் தட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். சுற்றுப்பலகையில் அதற்கு நேர் கீழே, ஒன்றையொன்று தொடாமல் இரண்டு கடத்தும் தடங்கள் சீப்புப் பற்களாகக் கோத்துக் கிடக்கும். பொத்தானை அழுத்தும்போது குவிமாடம் மடிந்து, கரித்தட்டு இரண்டு தடங்களையும் தொட்டு இணைக்கிறது. விரலை எடுத்தவுடன் இறப்பரின் மீள்தன்மை பொத்தானை மேலே தள்ளிவிடுகிறது. பொத்தானின் ‘அழுத்த உணர்வு’ என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இறப்பரின் தடிப்பும் சரிவும் கடினமும்தான். அது மெல்லியதாக இருந்தால் பொத்தான் தளர்வாகவும், தடித்திருந்தால் பெருவிரல் நோகுமளவுக்கு இறுக்கமாகவும் இருக்கும்.

பயன்பாட்டினால் கரித்தட்டு தேய்கிறது, வியர்வையும் தூசியும் அதன்மேல் படிகின்றன, தடை கூடிக்கொண்டே போகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் சிப்புக்கு அந்தத் தொடுகை தெரிவதில்லை. பலமாக அழுத்தினால் மட்டுமே வேலை செய்யும் பொத்தான் இப்படித்தான் உருவாகிறது. கொழும்பில், அதிலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில், ஈரலிப்பும் உப்புக் காற்றும் சேர்ந்து செருகியின் உலோகப் பின்களைக் கறள் பிடிக்க வைக்கின்றன. இறப்பர்ப் பூச்சுப் பூசிய கைப்பிடிகள் காலப்போக்கில் பிசுபிசுப்பதற்கும் காற்றிலுள்ள ஈரம் ஒரு காரணம்.

சிலுவை வடிவத் திசைப் பொத்தானில்தான் மலிவு நகல்களின் குறை மிகத் தெளிவாக வெளிப்படும். இந்த வடிவத்தை நின்டெண்டோவின் குன்பெய் யோக்கோய் 1982 இல் வெளிவந்த கையடக்க டொங்கி கொங் விளையாட்டுக்காக உருவாக்கினார். நான்கு தனிப் பொத்தான்களாகத் தோன்றினாலும் அது ஒரே துண்டு. நடுவில் ஒரு சிறிய முனையின் மீது அது சாய்ந்தாடுகிறது. வலப்பக்கத்தை அழுத்தினால் இடப்பக்கம் எழவேண்டும். அதே நேரத்தில் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் அழுத்தப்படாது இருக்கவேண்டும். நடுமுனையின் உயரம் மிகச் சிறிதளவு குறைந்தாலே சிலுவை முழுவதும் அமிழ்ந்து, வலத்தோடு சேர்ந்து மேற்பக்கமோ கீழ்ப்பக்கமோ அழுத்தப்பட்டுவிடுகிறது. ஓடவேண்டிய பாத்திரம் குனிகிறது, நேராகப் போகவேண்டிய விமானம் சரிந்து பாறையில் மோதுகிறது. விளையாடுபவர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

இதைச் சோதிப்பது எளிது. பக்கவாட்டில் மட்டும் நடக்கக்கூடிய ஏதாவது ஒரு கேமை இயக்கி, பெருவிரலின் நடுப்பகுதியால் வலப்பக்கத்தை அழுத்திப் பிடியுங்கள். விரலைத் தூக்காமல், நுனியை மெல்ல மேல்நோக்கி உருட்டுங்கள். பின்னர் கீழ்நோக்கி உருட்டுங்கள். நல்ல திசைப் பொத்தானில் விரல் வெகுதூரம் சரிந்த பின்னர்தான் மூலைத் திசை தொடங்கும். மட்டமானதில் உருட்டத் தொடங்கிய மாத்திரத்திலேயே பாத்திரம் குனியும், அல்லது மேலே பார்க்கும், அல்லது நின்றுவிடும். அடுத்ததாக, ஒரே நேரத்தில் இடத்தையும் வலத்தையும் இரண்டு விரல்களால் அழுத்திப் பாருங்கள். இரண்டும் முழுமையாக அமிழ்ந்தால் நடுமுனை இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை என்று அர்த்தம். பெட்டியில் எழுதப்பட்டிருக்கும் எதையும் விட இந்த இரண்டு சோதனைகளும் உண்மையைச் சொல்லும்.

அனலொக் ஸ்டிக்: எவ்வளவு என்ற கேள்வி

சாதாரண பொத்தான் ஆம், இல்லை என்ற இரண்டை மட்டுமே சொல்கிறது. அனலொக் ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இதைச் செய்யும் வழமையான உறுப்பு பொட்டென்ஷியோமீற்றர். கரிப்பூச்சுத் தடம் ஒன்றின் மீது சிறிய உலோகத் தொடுமுனை நகர, அது நிற்கும் இடத்துக்கேற்ப மின்னழுத்தம் மாறும் அமைப்பு அது. மேல்-கீழுக்கு ஒன்றும் இடம்-வலத்துக்கு ஒன்றுமாக ஒவ்வொரு ஸ்டிக்கிலும் இரண்டு இருக்கும். உரசிக்கொண்டே இருப்பதால் தடம் தேய்கிறது. தேய்ந்த பின்னர் ஸ்டிக்கைத் தொடாதபோதும் பாத்திரம் தானாக நகர்கிறது.

இப்போது பல விளம்பரங்களில் காணப்படும் ஹோல் விளைவு என்பது, காந்தப்புலம் கடத்தியில் ஓடும் மின்னோட்டத்தைப் பக்கவாட்டில் விலக்கி ஒரு மின்னழுத்தத்தைத் தோற்றுவிப்பதாகும். எட்வின் ஹோல் இதை 1879 இல் கண்டறிந்தார். ஸ்டிக்கின் அடியில் காந்தத்தையும் அதற்கு எதிரே உணரியையும் வைத்தால் ஒன்றையொன்று தொடாமலே சாய்வை அளந்துவிடலாம். இதைப் புதிய கண்டுபிடிப்பாக விற்கிறார்கள், ஆனால் சேகா 1998 இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட் கொன்ட்ரோலரிலேயே இது இருந்தது. உரசல் இல்லாததால் அளக்கும் பகுதி தேயாது என்பது உண்மை. ஆனால் ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் சுருளும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் தேயக்கூடியவைதாம். ஹோல் என்று எழுதியிருப்பதனால் மட்டும் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று எண்ணவேண்டாம்.

1996 இல் வந்த நின்டெண்டோ 64 இந்த இரண்டு வகையிலும் சேராதது, அதற்கு மாற்றுக் கொன்ட்ரோலர் தேடுபவர்களே மிகுதியாக ஏமாறுகிறார்கள். அதன் ஸ்டிக்கின் அடியில் விளிம்பைச் சுற்றிலும் நுண்ணிய பிளவுகள் கொண்ட இரண்டு சக்கரங்கள் சுழல்கின்றன. பிளவுகளினூடாக ஒளி விட்டுவிட்டு விழுவதை உணரிகள் எண்ணுகின்றன. கொன்சோலை இயக்கும் நேரத்தில் ஸ்டிக் எங்கே நிற்கிறதோ அதுவே நடு என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகையால் இயக்கும்போது ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தால் அளவு முழுவதும் பிழைத்துப் போகும். எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் நடு மீண்டும் சரியாகும். ஸ்டிக்கின் அடிநுனி பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசியபடி சுழல்வதனால் கிண்ணம் தேய்கிறது. பழைய கொன்ட்ரோலரைத் திறந்தால் அடியில் வெண்ணிறத் தூள் கொட்டிக் கிடப்பதைக் காணலாம். ஸ்டிக் தொளதொளவென்று ஆடுவதற்குக் காரணம் அந்தத் தூளாகிப் போன பிளாஸ்டிக்தான்.

இதற்கென்று விற்கப்படும் மாற்று ஸ்டிக்குகளில் பல பொட்டென்ஷியோமீற்றர் வகையானவை. அவை தொளதொளக்காது, அழகாக நடுவுக்குத் திரும்பும். ஆனால் மூல ஸ்டிக் முழுவதும் சாய்ந்தபோது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 80 என்ற அளவையே அனுப்பியது. கேம்களும் அந்த எல்லையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன. மாற்று ஸ்டிக் அதே சாய்வுக்கு நூற்றுக்கு மேலே அனுப்பினால், முழுவதும் சாய்ப்பதற்கு முன்னரே பாத்திரம் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். மெல்ல நடப்பதற்கும் துல்லியமாகக் குறிபார்ப்பதற்கும் உள்ள இடம் குறைந்துவிடும். புதிய ஸ்டிக் கைக்கு உறுதியாக இருந்தும் விளையாட்டுக் கெட்டுப்போவதன் காரணம் இதுதான். வாங்குவதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி, ஸ்டிக்கின் அளவெல்லை மூலத்தோடு ஒத்துச் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்பதே.

பிளேஸ்டேஷன் 2: பலரும் கவனிக்காத ஒரு வேறுபாடு

இலங்கையில் வீடு வீடாகப் பரவிய கொன்சோல் பிளேஸ்டேஷன் 2. அதன் டுவல்ஷொக் 2 கொன்ட்ரோலரில் நான்கு திசைகள், நான்கு முகப்புப் பொத்தான்கள், எல்1, எல்2, ஆர்1, ஆர்2 ஆகிய பன்னிரண்டும் எவ்வளவு பலமாக அழுத்தப்படுகின்றன என்பதையும் அளந்து அனுப்பின. கிரான் டூரிஸ்மோ 3 போன்ற காரோட்டக் கேம்களில் பொத்தானை மெல்ல அழுத்தினால் கார் மெல்ல வேகமெடுக்கும். மெட்டல் கியர் சொலிட் 2 இல் துப்பாக்கியைக் குறிபார்த்த பின்னர் சுடாமல் இறக்குவதற்குப் பொத்தானை மெதுவாக விடவேண்டும்.

மலிவான நகல்கள் பலவற்றில் இந்த அளவீடு இல்லை. எந்த அழுத்தத்தையும் முழு அழுத்தமாகவே அனுப்பிவிடுகின்றன. சண்டை, கிரிக்கெட் கேம்களில் இது பெரும்பாலும் தெரியாது. காரோட்டத்தில் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். பிளேஸ்டேஷன் 2 இன் உற்பத்தி 2013 இன் தொடக்கத்துக்குள் முடிவுக்கு வந்துவிட்டது. எனவே இன்று கடையில் மினுங்கும் புத்தம் புதிய ‘ஒரிஜினல்’ ஒன்று பழைய இருப்பாக இருப்பதை விட நகலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பின்புறத்தில் எஸ்சிபிஎச்-10010 என்ற மாதிரி எண் அச்சிடப்பட்டிருப்பது போதிய சான்றாகாது, லேபிளை அச்சிடுவது எவருக்கும் எளிது. காரோட்டக் கேம் ஒன்றைப் போட்டு, பொத்தானை மெல்ல அழுத்திப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

தாமதம் பற்றி

வயரில்லாக் கொன்ட்ரோலர்களைப் பற்றிப் பேச்செழும்போது தாமதம் என்ற சொல் தவறாமல் வரும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடைப்பட்ட நேரமே அது. நமது நாட்டுத் தொலைக்காட்சி முறையில் இயங்கும் கொன்சோல் செக்கனுக்கு ஐம்பது படங்களைக் காட்டுகிறது; பெரும்பாலான கேம்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை இடாப்பைக் கூப்பிடுகின்றன. ஆகவே உங்கள் அழுத்தம் எப்படியும் அடுத்த கூப்பிடுதல் வரை, அதாவது 20 மில்லிசெக்கன் வரை, காத்திருக்க நேரிடலாம். நல்ல வயரில்லாக் கொன்ட்ரோலர் இதனோடு கூட்டுவது சில மில்லிசெக்கன்களைத்தான். பழைய கொன்சோலின் படத்தை மாற்றிக் காட்டும் தட்டைத் தொலைக்காட்சிகள் சில அதைவிடப் பல மடங்கு தாமதத்தைச் சேர்க்கின்றன. எனவே கொன்ட்ரோலரைக் குறை சொல்வதற்கு முன்னர் தொலைக்காட்சியின் ‘கேம் மோட்’ இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எதை, எந்த ஒழுங்கில் தேடுவது

பழைய கொன்ட்ரோலர் இன்னமும் கையில் இருந்தால், அதைத் திருத்துவதே நான் முதலில் சொல்லும் வழி. வயர் அறுந்திருப்பதும் கரித்தட்டு அழுக்கேறியிருப்பதும்தான் மிகவும் பொதுவான பழுதுகள். இரண்டும் சிறியவை. கரித்தட்டையும் தடங்களையும் ஐசோபுரோப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சினால் மெல்லத் துடைத்து, நன்கு உலரவிட்டுப் பூட்டினால் பல பொத்தான்கள் உயிர்பெற்றுவிடும். தேய்ந்தே போயிருந்தால் இறப்பர்த் தாள்களைத் தனியாக வாங்கி மாற்றலாம், என்.ஈ.எஸ்., மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் ஆகியவற்றுக்கு அவை இணையத்தில் கிடைக்கின்றன. அறுந்த வயரை, கைத்தொலைபேசி திருத்தும் கடையில் பற்றவைத்துத் தருவார்கள். பெரும்பாலும் அது செருகியின் கழுத்தருகிலோ கொன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்திலோதான் முறிந்திருக்கும் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அது இயலாவிட்டால், பாவித்த மூலக் கொன்ட்ரோலர். திசைப் பொத்தானின் நடுமுனை தேயாத ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மஞ்சளித்த நிறமும் கீறலும் பொருட்டல்ல. அதற்கும் அடுத்ததாக, உரிமம் பெற்றோ சொந்த வடிவமைப்பிலோ கவனமாகத் தயாரிக்கப்படும் புதியவை: சேகாவின் உரிமத்துடன் ரெட்ரோ-பிட் வெளியிடும் மெகா டிரைவ் கொன்ட்ரோலர்கள், பழைய கொன்சோல்களின் சொக்கட்டில் செருகி, வயரில்லாச் சைகையை வாங்கும் சிறு கருவிகளுடன் வரும் 8பிட்டோ நிறுவனத்தின் வயரில்லாக் கொன்ட்ரோலர்கள் ஆகியவை இந்த வகை. மின்னியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு புளூரெட்ரோ என்ற திறந்த மூலத் திட்டமும் உண்டு; ஈஎஸ்பி32 என்ற மலிவான சிப்பை நடுவில் வைத்து, வீட்டிலுள்ள புளூடூத் கொன்ட்ரோலரைப் பழைய கொன்சோலின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவைக்கிறது. பெயரில்லாத பொலித்தீன் உறைக் கொன்ட்ரோலர் கடைசித் தெரிவு. டிவி கேம் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே ஒரே தெரிவாகவும் இருப்பதனால், கொன்சோலையே கடைக்குக் கொண்டுபோய், அந்த மாதிரிக்கென்றே வந்த கொன்ட்ரோலரைக் கேட்டு, திசைச் சோதனையையும் அங்கேயே செய்துவிடுவது நல்லது. பிடித்திருக்கும் பொத்தானைத் தானாகவே திரும்பத் திரும்ப அழுத்தியதாகக் காட்டும் டர்போ என்ற பொத்தான் அதில் இருந்தால், அது தற்செயலாக இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழுதில்லாத கொன்ட்ரோலரைப் பழுதாகக் காட்டக்கூடியது அது.

அத்தகைய மலிவுக் கொன்ட்ரோலரின் சிப் சரியாக இயங்கி, இறப்பர் மட்டும் மோசமாக இருந்தால், பழைய கொன்ட்ரோலரின் இறப்பரையும் திசைப் பொத்தானையும் அதற்குள் பொருத்திப் பார்க்கலாம். நகல்கள் பல மூலத்தின் அளவுகளையே பின்பற்றுவதனால் சில வேளைகளில் அவை அப்படியே அமர்ந்துவிடும். பூட்டும்போது திருகாணிகளை ஒரேயடியாக இறுக்கவேண்டாம். ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக, எதிரெதிர் மூலையாக இறுக்கிக்கொண்டே போய், திசைப் பொத்தான் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் கால் சுற்றுப் பின்னால் விட்டுவிடுங்கள்.